பணம் போகும் வழி யார் கையில்?

வாசகர் கேள்வி – பதில்

நாடு விட்டு நாடு பணம் போகும் அமைப்புகளை யார் நடத்துகிறார்கள், அவர்கள் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்று கேட்டு வந்த கடிதங்களில் எட்டை எடுத்துக்கொண்டிருக்கிறோம். வணிகம் செய்கிறவர்கள் கேட்டவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

ரஷ்ய வங்கிகளை ஸ்விஃப்டிலிருந்து நீக்கினார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் ஸ்விஃப்டில் இருந்த அவர்கள் பணம் என்ன ஆனது?
— கல்லூரி மாணவி, மதுரை

ஸ்விஃப்டில் யாருடைய பணமும் கிடையாது. அது வங்கிகளுக்கிடையே செய்தி கொண்டுபோகும் அஞ்சல் துறை. 1973இல் 15 நாடுகளின் 239 வங்கிகள் கூடித் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம்; தலைமையகம் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் உள்ள லா உல்ப். இன்று 200க்கும் மேற்பட்ட நாடுகளில் 11,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இணைந்திருக்கின்றன. ‘இன்னாருடைய கணக்கில் இவ்வளவு வரவு வை’ என்ற கட்டளை மட்டும் அதன் வழியே போகும்.

பணம் இருக்கும் இடம் வேறு. ஒரு வங்கி இன்னொரு நாட்டு வங்கியில் வைத்திருக்கும் கணக்கில்தான் அது இருக்கிறது. வைத்திருப்பவர் அதை நாஸ்ட்ரோ என்பார். இடம் கொடுத்தவர் அதே கணக்கை வாஸ்ட்ரோ என்பார். நகரத்தார் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். ரங்கூன் கடையில் எழுதிய உண்டியல் காரைக்குடிக்குக் கப்பலில் வரும்போது காகிதம்தான் வந்தது. பணம் காரைக்குடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது. இரண்டு கடைகளின் பேரேட்டில் பற்று வரவு நேரானது.

இந்த வேறுபாடு தெரிந்தால் செய்திகளைச் சரியாகப் படிக்கலாம். 2012 மார்ச்சில் ஈரானிய வங்கிகளும், 2022 மார்ச் 12இல் ஏழு ரஷ்ய வங்கிகளும், அதே ஆண்டு ஜூனில் ஸ்பெர்பேங்க் உட்பட மேலும் மூன்றும் ஸ்விஃப்டிலிருந்து நீக்கப்பட்டன. இது பெரிய இடைஞ்சல்தான். ஆனால் அஞ்சல் நின்றால் டெலக்ஸ், மின்னஞ்சல், வேறு வலையமைப்பு என்று தாமதமாகவும் கூடுதல் செலவிலும் வேலையை நடத்திவிடலாம். ரஷ்யா 2014இலேயே எஸ்பிஎஃப்எஸ் என்று தனக்கென ஒரு செய்தி அமைப்பைத் தொடங்கியிருந்தது. உண்மையான அடி, கணக்கையே முடக்கியது. அதற்கு மாற்றுவழி இல்லை.

போலந்து வாடிக்கையாளர் டாலரில் பணம் அனுப்புகிறார். நியூயார்க்கில் சில நாள் நிற்கிறது, சமயங்களில் 30, 40 டாலர் குறைந்து வருகிறது. போலந்துக்கும் திருப்பூருக்கும் நடுவே அமெரிக்கா எங்கே வந்தது?
— பின்னலாடை ஏற்றுமதி நிறுவனக் கணக்காளர், திருப்பூர்

டாலர் என்ற இடத்தில் வந்தது. போலந்து வங்கிக்கு நியூயார்க்கில் ஒரு வங்கியில் டாலர் கணக்கு. உங்கள் வங்கிக்கு நியூயார்க்கில் வேறொரு வங்கியில் கணக்கு. அந்த இரண்டு நியூயார்க் வங்கிகளும் சிப்ஸ் அல்லது ஃபெட்வயர் என்னும் அமெரிக்கப் பணப் பரிமாற்ற அமைப்புகள் வழியாகக் கணக்கு முடிக்கின்றன. சரக்கு அமெரிக்கக் கரையைத் தொடாவிட்டாலும் பணம் அந்த நாட்டுச் சட்டத்துக்குள் நுழைந்து வெளியேறுகிறது. பிரெஞ்சு வங்கியான பிஎன்பி பரிபா, சூடான், ஈரான், கியூபா ஆகிய நாடுகளுக்காக டாலர் பரிமாற்றம் செய்ததற்கு 2014இல் அமெரிக்காவுக்குக் கட்ட நேர்ந்தது ஏறத்தாழ 890 கோடி டாலர். அதன் பிறகு எந்த வங்கியும் சந்தேகம் வந்தால் நிறுத்திவைக்கவே பார்க்கிறது.

நிறுத்துவது பெரும்பாலும் கணினியே. செய்தியில் உள்ள பெயர், முகவரி, கப்பல், துறைமுகம் எல்லாவற்றையும் தடைப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. வாங்குபவரின் தெருப்பெயரில் ‘ஹவானா’ இருந்தாலும் சிக்கும். முகவரியைச் சுருக்கி எழுதினால், நாட்டின் பெயரை விட்டுவிட்டால், இன்னும் எளிதாகச் சிக்கும். ஆகவே இன்வாய்ஸில் இரு தரப்பின் முழு முகவரியும் நாடும் இருக்கட்டும். அனுப்புபவர் தன் வங்கியில் விவரக் கட்டத்தில், ஸ்விஃப்டின் பழைய எம்டி103 செய்திப் படிவத்தில் 70ஆம் புலம், இன்வாய்ஸ் எண்ணையும் ‘பருத்திப் பின்னலாடை’ என்று சரக்கின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ‘ஆஸ் பெர் கான்ட்ராக்ட்’ என்று மொட்டையாக எழுதினால் நியூயார்க்கிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு சுற்று, பதில் போக ஒரு சுற்று, அதற்கே நான்கு நாள் போய்விடும்.

பணம் வரவில்லையென்றால் வாங்குபவரிடம் யுஇடிஆர் எண்ணை, அதாவது அந்தப் பரிமாற்றத்துக்கே உரிய அடையாள எண்ணைக் கேளுங்கள். இடைக்கோடுகளோடு 36 எழுத்துகள் கொண்டது. அது இருந்தால் எந்த வங்கியில் நிற்கிறது என்று உங்கள் வங்கி பார்த்துச் சொல்லிவிடும். அடுத்துக் கேட்க வேண்டியது மிக முக்கியம்: பணம் ‘ரிஜெக்ட்’ ஆனதா, ‘பிளாக்’ ஆனதா? ரிஜெக்ட் என்றால் அனுப்பியவருக்கே திரும்பும், மறுபடி அனுப்பலாம். பிளாக் என்றால் அமெரிக்க வங்கி அதைத் தனிக் கணக்கில் பூட்டிவிட்டு, 10 வேலை நாளுக்குள் ஓஃபாக் என்னும் தடை அலுவலகத்துக்கு அறிக்கை கொடுத்துவிடும். பிறகு அந்த அலுவலகத்தின் உரிமம் இல்லாமல் யாராலும் விடுவிக்க முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

குறையும் 30, 40 டாலர் அதே செய்தியில் கட்டணம் யாருடையது என்று குறிக்கும் 71ஏ புலத்தின் விஷயம். அங்கே ‘ஷா’ (SHA) என்று இருந்தால் இடைநிலை வங்கிகள் வழியிலேயே தங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம். ‘OUR’ என்று இருந்தால் முழுக் கட்டணமும் அனுப்புபவருடையது. ஷிப்பிங் பில்லில் 20,000 டாலர், வந்தது 19,960 என்றால், வித்தியாசம் வெளிநாட்டு வங்கிக் கட்டணம்தான் என்று வங்கிக்கு உடனே எழுதிக் கொடுத்துவிடுங்கள். விட்டால் அந்த 40 டாலர் ஏற்றுமதிக் கண்காணிப்புக் கணக்கில் நிலுவையாகத் தொங்கிக்கொண்டே இருக்கும்.

யூரோவில் இன்வாய்ஸ் போட்டால் நியூயார்க் வராது, ஐரோப்பாவுக்குள்ளேயே கணக்கு முடிந்துவிடும். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் செய்யுங்கள். ஆனால் அப்போது உங்கள் பணம் ஐரோப்பியத் தடைச் சட்டத்துக்குள் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரஷ்யாவுக்குத் தேயிலை அனுப்ப ரூபாயிலேயே விலை பேசலாம் என்கிறார்கள். நம்பி இறங்கலாமா?
— ஏற்றுமதியாளர், குன்னூர்

இறங்கலாம். ஆனால் அந்த ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டு இறங்குங்கள்.

2022 ஜூலை 11இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைதான் இதற்கு அடிப்படை. வெளிநாட்டு வங்கி இந்திய வங்கி ஒன்றில் சிறப்பு ரூபாய் வாஸ்ட்ரோ கணக்கு தொடங்கும். அந்த நாட்டிலிருந்து எண்ணெயோ உரமோ வாங்கும் இந்திய நிறுவனம் அதில் ரூபாயைக் கட்டும். அங்கே பொருள் அனுப்பும் நமக்கு அதே கணக்கிலிருந்து ரூபாய் வரும். டாலர் எங்கும் தொடப்படவில்லை. செய்தியை வேறு வழியில் அனுப்பினால் ஸ்விஃப்ட்டும் தேவையில்லை. குழாய் முழுக்க நம்முடையது.

ஆனால் தொட்டிக்கு வரத்து ஒரு பக்கம், செலவு மறு பக்கம். 2024–25இல் இந்திய – ரஷ்ய வணிகம் சுமார் 6,870 கோடி டாலர். அதில் நம் ஏற்றுமதி 490 கோடி டாலர் மட்டுமே. எண்ணெய்க்கு நாம் கொடுப்பதெல்லாம் ரூபாயாகவே போனால் ரஷ்யர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன வாங்குவார்கள்? 2023 மே மாதம் கோவாவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் இதை வெளிப்படையாகவே சொன்னார்: கோடி கோடியாக ரூபாய் சேர்ந்து கிடக்கிறது, பயன்படுத்த வழி வேண்டும் என்று. அதனால்தான் ரஷ்ய விற்பனையாளர்கள் திர்ஹாமும் யுவானும் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இரண்டு தளர்வுகள் கொடுத்தது: இந்தக் கணக்கைத் தொடங்க முன் அனுமதி வேண்டாம், மிச்சப் பணம் முழுவதையும் அரசுக் கடன் பத்திரங்களில் போடலாம். தேங்கிய தண்ணீருக்கு ஒரு வடிகால். ஆனாலும் அது இந்தியாவுக்குள்ளேயே ஓடும் வடிகால்.

ஈரானோடு நடந்தது இதற்கு நேர்மாறு, தேயிலைக்காரர்கள் அதை மறந்திருக்க மாட்டீர்கள். 2012இல் ஈரான் எண்ணெய்க்கான விலையில் 45 சதவீதத்தை ரூபாயாகக் கட்ட ஏற்பாடானது. கணக்கு யூகோ வங்கியில். அமெரிக்காவில் கிளை இல்லாத வங்கி என்பதால் அதைத் தேர்ந்தார்கள். அந்தப் பணத்தில் ஈரான் நம் பாஸ்மதியும் தேயிலையும் வாங்கியது. 2019 மே மாதம் அமெரிக்கா கொடுத்திருந்த விலக்கு முடிந்தது, நாம் எண்ணெய் வாங்குவதை நிறுத்தினோம். கணக்கில் புது ரூபாய் வரவில்லை. இருந்தது கரையக் கரைய ஏற்றுமதியாளர்களுக்குப் பணம் தாமதமானது. ஒரே மாதிரிக் கணக்கு, ஒன்றில் ரூபாய் வற்றியது, மற்றொன்றில் ரூபாய் பொங்கி வழிந்தது. இரண்டிலும் கோளாறு குழாயில் இல்லை, வணிகம் ஒருதலையாக இருந்ததில்தான் இருந்தது.

உங்கள் வேலைக்கு வருவோம். ஒப்பந்தம் போடும் முன், வாங்குபவரின் வங்கிக்கு எந்த இந்திய வங்கியில் இந்தக் கணக்கு இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த ரஷ்ய வங்கி தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று உங்கள் வங்கியிடமே கேளுங்கள். வெளிநாட்டுத் தொழில் அதிகம் உள்ள இந்திய வங்கிகள் சட்டம் இடம் கொடுத்தாலும் தொடத் தயங்குகின்றன. கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் மறக்காதீர்கள். தேயிலை ரூபாயில் விற்றாலும் சரக்குக் கப்பல் கட்டணம் டாலரில்தான் பில் வரும், அந்தச் செலவு பழைய வழியிலேயே போகும். ரூபாய் விலை என்றால் ரூபிள் ஏற்ற இறக்கம் முழுவதும் வாங்குபவர் தலையில் விழும். அவர் அதற்காக விலையைக் குறைக்கக் கேட்பார் என்று எதிர்பார்த்தே பேசுங்கள். முதல் ஒன்றிரண்டு சரக்குக்கு முன்பணம் வாங்குவது நல்லது, சுற்றறிக்கை அதற்கு இடம் தருகிறது.

ரூபே அட்டை மட்டும் வைத்திருந்தால் வெளிநாட்டுத் தடைக்குப் பயப்பட வேண்டாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

உள்நாட்டில் பயப்பட வேண்டாம். கிரைமியா விவகாரத்துக்குப் பின் 2014 மார்ச்சில் சில ரஷ்ய வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் திடீரென்று நின்றன. உடனே ரஷ்யா தனக்கென ஒரு அட்டைச் செயலாக்க நிறுவனம் அமைத்து, உள்நாட்டுப் பரிமாற்றம் எந்த அட்டையில் நடந்தாலும் அதன் வழியாகவே போக வேண்டும் என்று சட்டமாக்கியது. 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் வெளியேறியபோது அவற்றின் அட்டைகள் ரஷ்யக் கடைகளில் தொடர்ந்து வேலை செய்ததற்குக் காரணம் அதுதான். அட்டையில் என்ன பெயர் அச்சாகியிருக்கிறது என்பதைவிட, ‘பணம் இருக்கிறதா’ என்ற கேள்வி எந்த ஊர்க் கணினிக்குப் போகிறது என்பதே பெரிது.

வெளிநாட்டில் கதை வேறு. ரூபே குளோபல் அட்டை அங்கே ஓடுவது டிஸ்கவர் வலையமைப்பில், அது அமெரிக்க நிறுவனம்.

ஆசியத் தீர்வு ஒன்றியம் என்று ஒன்று இருந்தும் 2022 நெருக்கடியில் இலங்கைக்கு அது கைகொடுக்கவில்லையே, ஏன்? யுபிஐ வந்ததால் இனி நிலைமை மாறுமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

அந்த ஒன்றியம் 1974இல் தொடங்கியது, தலைமையகம் டெஹ்ரான். இந்தியா, இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான், நேபாளம், ஈரான், மியன்மார், பூட்டான், மாலைதீவு எல்லாம் உறுப்பினர்கள். இரண்டு மாதம் நடக்கும் வணிகத்தைப் பேரேட்டில் எழுதிவைத்து, கடைசியில் கழித்துப் பார்த்து, மிஞ்சும் நிகரத் தொகையை மட்டும் மத்திய வங்கிகள் ஒருவருக்கொருவர் கொடுக்கும். உங்களுக்கு 100 வர வேண்டும், 80 கொடுக்க வேண்டும் என்றால் 20 மட்டும் கைமாறும். டாலரைச் சிக்கனப்படுத்த அருமையான ஏற்பாடு.

ஆனால் அந்த நிகரத் தொகையைக் கொடுப்பது டாலர் போன்ற வன் நாணயத்தில்தான். இலங்கை இந்தியாவிடமிருந்து வாங்குவது மிக அதிகம், விற்பது குறைவு. ஆகவே ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் இலங்கைதான் கொடுக்க வேண்டியிருந்தது. 2022இல் கொடுக்க டாலர் இல்லை. இந்தியா தனக்கு வர வேண்டிய தவணைகளைத் தள்ளிவைத்தது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனாலும் அது கடனாகவே நின்றது, அந்த ஆண்டு அக்டோபரில் இலங்கையின் பரிமாற்றங்கள் ஒன்றியத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. கழித்துப் பார்க்கும் அமைப்பு டாலரை மிச்சப்படுத்தும், உண்டாக்காது.

யுபிஐ 2024 பிப்ரவரி 12இல் இலங்கைக்கு வந்தது. இந்தியப் பயணி கடையில் உள்ள லங்காகியூஆர் குறியீட்டைக் கைபேசியில் ஸ்கேன் செய்தால் அவர் கணக்கில் இந்திய ரூபாய் கழியும், கடைக்காரருக்கு இலங்கை ரூபாய் வரும், இடையில் வங்கிகள் கணக்கு முடிக்கும். தெருவில் நோட்டு மாற்றும் பணம் வங்கிக்குள் வருகிறது என்பது இலங்கைக்கு நல்லது. அளவில் சிறியது.

உங்கள் ஊருக்கு நெருக்கமான பாடம் வேறொன்று. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பி வங்கி வழியே வந்த பணம் 2020இல் 710 கோடி டாலர்; 2021இல் 550 கோடி; 2022இல் 380 கோடி. வங்கி அமைப்பு ஒன்றும் பழுதாகவில்லை. டாலரின் விலையை 200 ரூபாய்க்குச் சற்று மேலே பிடித்து வைத்திருந்தார்கள், உண்டியல்காரர் அதைவிட மிக அதிகம் கொடுத்தார். மக்கள் உண்டியலுக்குப் போனார்கள். விலை பொய்யாக இருந்தால் எவ்வளவு நவீனமான குழாய் போட்டாலும் தண்ணீர் வேறு வாய்க்காலில்தான் ஓடும்.

சிங்கப்பூரிலிருந்து பேநவ் – யுபிஐ வழியாக அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறேன். ஏன் நாளுக்கு ஆயிரம் வெள்ளிதான்? இதில் டாலர் இல்லை என்பது உண்மையா?
— தொழில்நுட்பப் பணியாளர், சிங்கப்பூர்

2023 பிப்ரவரி 21இல் தொடங்கியபோது சிங்கப்பூர்ப் பக்கம் டிபிஎஸ்ஸும் லிக்விட் குரூப்பும், இந்தியப் பக்கம் ஸ்டேட் வங்கி, ஐசிஐசிஐயோடு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இருபுறமும் அனுப்பும் வசதியோடு சேர்ந்தன. பிற்பாடு எண்ணிக்கை கூடியது. வரம்பு நாளுக்கு 60,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதுதான் உங்கள் ஆயிரம் வெள்ளிக் கணக்கு. காரணம் வேகம். நொடிகளில் முடியும் பரிமாற்றத்தைத் திரும்பப் பெற முடியாது, பெயரைத் தடைப் பட்டியலோடு ஒப்பிடவும் நொடிகள்தான் கிடைக்கின்றன. ஆகவே தவறு நடந்தாலும் சேதம் சிறிதாக இருக்கட்டும் என்று தொகையைக் கட்டிவைக்கிறார்கள். யுபிஐ முகவரியைப் போட்டதும் திரையில் வரும் பெயர் அம்மாவின் பாஸ்புக்கில் உள்ள பெயர்தானா என்று நின்று பாருங்கள். தவறாகப் போனால் உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அந்த ஒரு விநாடிதான்.

டாலர் இல்லை என்பது பாதி உண்மை. டாலர் கைமாறுவதில்லை. ஆனால் வெள்ளிக்கு இத்தனை ரூபாய் என்ற விலையைச் சந்தையில் டாலர் – ரூபாய், டாலர் – வெள்ளி இரண்டையும் வைத்தே கணக்கிடுகிறார்கள். அளவுகோல் இன்னும் டாலர்தான்.

இப்படி இரண்டிரண்டு நாடாகக் கைகோப்பதில் ஒரு சிக்கல்: ஐந்து நாடு என்றால் 10 இணைப்பு, இருபது நாடு என்றால் 190 இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம், தனி மென்பொருள். அதனால்தான் இந்தியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து சேர்ந்து நெக்ஸஸ் என்ற பொது மையத்தை அமைக்கின்றன. ஒவ்வொரு நாடும் மையத்தோடு ஒருமுறை இணைந்தால் போதும். நம் பிராந்தியத்தில் நடக்கும் வேலைகளில் எங்களுக்கு அதிக நம்பிக்கை தருவது இது.

பிரிக்ஸ் நாணயம் எப்போது வரும்?
— வாசகர், சேலம்

வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி எந்த முதலீடும் செய்யாதீர்கள். அப்படி ஒரு நாணயம் இல்லை. 2023 ஜோகன்னஸ்பர்க் மாநாடு பேசியதும் உறுப்பு நாடுகளின் சொந்த நாணயங்களில் வணிகம் செய்வதைப் பற்றித்தான். நடைமுறையில் ஓடுவது சீனா 2015இல் தொடங்கிய சிப்ஸ். ஆங்கிலத்தில் ‘சி’யில் தொடங்கினாலும் நியூயார்க் சிப்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை, யுவான் கணக்கு முடிக்கும் அமைப்பு. அதுவும் வெளிநாட்டு வங்கிகளோடு பேச இன்றும் ஸ்விஃப்ட் செய்தியைப் பயன்படுத்துகிறது.

நம் அரசுக் கடன் பத்திரங்களை யூரோக்ளியரில் சேர்த்தால் வெளிநாட்டு முதலீடு பெருகும் என்கிறார்கள். ஐரோப்பிய அமைப்பு நம் தீர்வகத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்ததும் இதுவும் ஒன்றா? லண்டனிலிருந்து தங்கத்தைக் கொண்டுவந்ததற்கும் தொடர்பு உண்டா?
— வங்கி அலுவலர், சென்னை

மூன்றும் வேறு வேறு. ஆனால் ‘நம் சொத்து யாருடைய சட்டத்தின் கீழ் இருக்கிறது’ என்ற ஒரே கேள்வியில் சந்திக்கின்றன. ஒன்றாக எழுதியது நல்லது.

முதலில் தீர்வகம். மும்பையில் 2001இல் அமைந்த சிசிஐஎல், அரசுப் பத்திரமும் அந்நியச் செலாவணியும் வாங்கும் ஒவ்வொரு வங்கிக்கும் விற்பவராகவும், விற்கும் ஒவ்வொருவருக்கும் வாங்குபவராகவும் நடுவில் நிற்கிறது. 500 கோடிக்கு வாங்கி 480 கோடிக்கு விற்ற வங்கி 20 கோடி மட்டும் கட்டினால் போதும். 2022 அக்டோபர் 31இல் பாரிஸில் உள்ள ஐரோப்பியப் பத்திரச் சந்தை ஆணையம், சிசிஐஎல் உட்பட ஆறு இந்தியத் தீர்வகங்களின் அங்கீகாரத்தை 2023 ஏப்ரல் 30 முதல் விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. அவர்கள் கேட்டது மேற்பார்வை உரிமை. ரிசர்வ் வங்கியும் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியும் மறுத்தன. இந்திய மண்ணில் இந்திய வங்கிகளுக்காக இயங்கும் அமைப்பை வெளிநாட்டு ஆணையம் தணிக்கை செய்வதை ஏற்க வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்தும். விலை இல்லாமல் இல்லை: அங்கீகாரம் இருந்தால் ஐரோப்பிய வங்கி அந்தத் தீர்வகத்தின் மீதான வணிக நிலுவைக்கு 2 சதவீத இடர் எடை போட்டு, அதாவது நிலுவையில் 2 சதவீதத்தை மட்டும் ஆபத்தாகக் கணக்கிட்டு, மூலதனம் ஒதுக்கினால் போதும், இல்லையென்றால் பல மடங்கு. அதனால்தான் ஜெர்மனியும் பிரான்சும் தங்கள் வங்கிகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தன. பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையை நம்பியே ஒப்பந்தம் செய்துகொண்டது. உறுதியாக நின்றும் உடன்பாடு காணலாம் என்பதற்கு அது சான்று.

யூரோக்ளியர் பிரஸ்ஸல்ஸில் உள்ள பத்திரக் காப்பகம். மாஸ்கோவில் ஒருவர் வெளிநாட்டுப் பங்கு வாங்கினால் அவர் பெயர் தரகரின் ஏட்டில். தரகர் பெயர் ரஷ்யக் காப்பகத்தின் ஏட்டில். ரஷ்யக் காப்பகத்தின் பெயர் யூரோக்ளியர் ஏட்டில். 2022 ஜூனில் ஐரோப்பா ரஷ்யக் காப்பகத்தைத் தடை செய்தது. சங்கிலியின் நடுக் கண்ணி பூட்டிக்கொண்டதால், எந்தப் பட்டியலிலும் இல்லாத சாதாரண முதலீட்டாளரின் பங்குகளும் உள்ளே சிக்கின. ரஷ்ய மத்திய வங்கியின் சொத்து மட்டும் அங்கே ஏறக்குறைய 190 பில்லியன் யூரோ முடங்கியது. பத்திரங்கள் முதிர முதிரப் பணமாகி வட்டி ஈட்டின. அந்த வருமானத்திலிருந்து 150 கோடி யூரோ 2024 ஜூலையில் உக்ரைனுக்காக எடுத்துக் கொடுக்கப்பட்டது.

நம் பத்திரங்களை அங்கே சேர்த்தால் முதலீட்டாளருக்கு வேலை எளிது. செபியில் பதிவு, பான் எண், இங்கே ஒரு காப்பாளர் என்ற வாரக்கணக்கான அலைச்சல் மிச்சம். ஆனால் அந்த அலைச்சலோடுதான் 2024 ஜூன் 28 முதல் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பின்பற்றும் ஜேபி மார்கன் பத்திரக் குறியீட்டில் நம் பத்திரங்கள் சேர்ந்தன. உரிமை ஏடு ரிசர்வ் வங்கியிலேயே இருக்கிறது. அவசரப்பட ஒன்றுமில்லை.

தங்கத்துக்கு வருவோம். 2024 செப்டம்பர் இறுதியில் ரிசர்வ் வங்கியிடம் இருந்த 854.73 டன்னில் 510.46 டன் நாட்டுக்குள் இருந்தது. 324 டன் இங்கிலாந்து வங்கியிலும், மத்திய வங்கிகளுக்கான வங்கியான பன்னாட்டுத் தீர்வு வங்கியிலும். வெனிசுவேலாவின் தங்கம் லண்டன் பெட்டகத்தில் வழக்கில் சிக்கிக் கிடப்பதைப் பார்க்கும் எந்த நாடும் யோசிக்கத்தான் செய்யும். ஆனால் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்லவும் எங்களுக்குத் தயக்கம். லண்டனில் இருக்கும் கட்டியை அன்றைக்கே அடகு வைக்கலாம், விற்கலாம், மாற்றலாம். நாகபுரிப் பெட்டகத்தில் இருப்பதை அப்படிச் செய்ய முடியாது. 1991இல் அந்நியச் செலாவணி தீர்ந்துபோனபோது 40.5 கோடி டாலர் கடனுக்காக 46.91 டன் தங்கத்தை மும்பையிலிருந்து விமானத்தில் ஏற்றி அனுப்பினோம். கடன் கொடுத்தவர்கள் கேட்டது தங்கம் தங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதைத்தான்.